புதுப்பிப்பு: லேப்ரடார் குட்டி யாரிடம் வாங்குவது?

லேப்ரடார் குட்டிக்காக இரண்டு பேரைப் பார்த்து வைத்திருக்கிறேன், யாரை நம்புவது என்று முன்பு கேட்டிருந்தேன். "தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்" என்றே பலரும் சொன்னீர்கள்.

முதல் ஆள் தாயைக் காட்டவே இல்லை. வேறு இடத்தில் இருக்கிறதாம். 5 வாரக் குட்டியை "இன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்" என்று அவசரப்படுத்தினார். 8 வாரமாவது தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருந்தால்தான் குட்டி கடியை அடக்கப் பழகும். சரி, அவரை விட்டாச்சு.

இரண்டாமவர் வீட்டில் தாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் கையை முகர்ந்தது. பின்னாலேயே குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே அறிக்கைகளையும் கண் பரிசோதனைச் சான்றையும் கேட்காமலே எடுத்து வைத்தார். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. "டாக்டர் பார்த்தாச்சு" என்று வாயால் சொல்வது போதாது. அப்புறம் அவர் என்னைக் கேட்ட கேள்விகள் இருக்கிறதே, பெண் கொடுப்பவர்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்! வளர்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்.

முன்பணம் கொடுத்துவிட்டேன். குட்டிகளுக்கு இப்போது 6 வாரம். 8 முடிந்ததும் தடுப்பூசி அட்டையோடு தருகிறார்.