புதுப்பிப்பு: பொதுச் சுகாதாரத்துடன் ஸ்பானிஷ்

பொதுச் சுகாதாரப் பட்டப்படிப்போடு ஸ்பானிஷையும் எடுப்பது வீண் சுமையா என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தேன். மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், புள்ளியியலைப் பிடித்துக்கொள் என்றீர்கள் பலர். இரண்டையும் முதன்மைப் பாடமாக எடுத்தேன். கலிபோர்னியாவில் இப்போது மூன்றாம் ஆண்டு.

என்னை உலுக்கியது ஒரு பழைய வழக்கு. 1980இல் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார். குடும்பத்தார் ஸ்பானிஷில் 'இன்டொக்சிகாதோ' என்றார்கள். கியூபா மக்களின் பேச்சில், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் அதைப் போன்ற சொல்லுக்குப் போதையில் இருப்பவர் என்று பொருள், அதனால் மருத்துவர்கள் போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் இரத்தக் கசிவு. அவருடைய கைகால்கள் நான்கும் செயலிழந்துவிட்டன. ஒரே ஒரு சொல்!

இங்கே மத்தியப் பள்ளத்தாக்கு என்னும் வேளாண் பகுதியில் வாரம் ஒருநாள் சிறு மருத்துவ மையம் ஒன்றில் உதவுகிறேன். சென்ற மாதம் ஒரு பாட்டி மாத்திரைக் குப்பியை நீட்டி, சீட்டில் இருந்த 'ஒன்ஸ்' (once) என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். ஆங்கிலத்தில் ஒருமுறை, அதே எழுத்துகள் ஸ்பானிஷில் 'ஓன்ஸே', பதினொன்று. நல்லவேளை, விழுங்குமுன் கேட்டார்.

ஒன்றில் என் கணக்குத் தப்பியது. ஸ்பானிஷ் போதும் என்று நினைத்தேன். மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்திலிருந்து வந்து வயல்களில் உழைக்கும் பலருக்குத் தாய்மொழி மிஷ்டெக் என்னும் பழங்குடி மொழி. ஸ்பானிஷ் அவர்களுக்கும் இரண்டாம் மொழிதான்.

இன்னொன்று: பட்டம் பெற்றதாலேயே மருத்துவ மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. தேசியச் சான்றிதழுக்குத் தனித் தேர்வு உண்டு, அதற்குமுன் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். ஜூனில் தொடங்குகிறேன்.