வருகைதரு விரிவுரையாளர் ஒப்பந்தப் பேச்சு: வன்னியில் கண்ட நடைமுறைகள்

(ஒவ்வொரு இடப்பெயருக்குக் கீழேயும் இருப்பது அந்த இடத்தவர் ஒருவர் எழுதியது.)

வவுனியா, வைரவபுளியங்குளம்

தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் மணித்தியாலக் கணக்கில் படிப்பிப்பவர்கள், அதாவது வருகைதரு விரிவுரையாளர்கள், சங்கமாகிப் பேசப் போனால், நிர்வாகம் முதலில் கேட்பது "நீங்கள் எத்தனை பேர்?" என்றுதான். இதற்குப் பதிலை ஆயத்தமாக வைத்துக்கொண்டு போக வேண்டும்.

இலங்கையின் 1935 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் கையொப்பமிட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சங்கம் தொடங்கி மூன்று மாதத்துக்குள் அதைச் செய்துவிட வேண்டும். சங்கம் வைக்க ஏழு பேர் போதும், நிர்வாகத்தைப் பேச வைக்கப் போதாது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999 இல் வந்த 56 ஆம் இலக்கத் திருத்தம் 40 சதவீதம் கேட்கிறது. சங்கம் எந்தத் தொழிலாளருக்காகப் பேசுகிறதோ அவர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் உறுப்பினராக இருந்தால், பேச மறுப்பது முறையற்ற தொழில் நடத்தை ஆகிவிடும்.

"யாருக்காகப் பேசுகிறது" என்ற இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஓரிடத்தில் அலுவலகம், காவல், நிரந்தர விரிவுரையாளர் எல்லாம் சேர்த்து 90 பேர் என்று வைப்போம். நிர்வாகத்தைப் பேச்சுக்கு அழைக்கும் கடிதத்தில் "ஊழியர்கள் சார்பாக" என்று எழுதினால் 36 உறுப்பினர் வேண்டும். "வருகைதரு விரிவுரையாளர்கள் சார்பாக" என்று எழுதினால், அவர்கள் 38 பேர் என்றால் 16 பேர் போதும். ஒரு சொல்லில் இருபது பேர் வித்தியாசம்.

கடிதத்தைச் செமஸ்டரின் மூன்றாம் நான்காம் கிழமையில் கொடுங்கள். விடுமுறையில் கொடுத்தால் "இப்போது சேவையில் ஒருவரும் இல்லை" என்ற பதில் வரும். இரண்டு பிரிவில் படிப்பிப்பவரை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். உறுப்பினர் பட்டியலில் ஒரு பிழை கண்டுபிடித்தால் முழுப் பட்டியலையும் சந்தேகத்தில் தள்ளிவிடுவார்கள்.

கிளிநொச்சி

எண்ணிக்கைக்கு அடுத்தது மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 15 கிழமை, கிழமைக்கு 3 மணித்தியாலம், மொத்தம் 45. பணம் தருவது இதற்கு மட்டும். ஆனால் வேலை 45 இல் முடிவதில்லை. பிரதியெடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டிய கணக்கு இது:

60 மாணவர் உள்ள வகுப்பு. ஒரு மணித்தியாலப் பாடத்துக்கு ஒரு மணித்தியால ஆயத்தம் என்று வைத்தால் 45. இறுதி விடைத்தாள் ஒன்றுக்கு 25 நிமிடப்படி 60 தாளுக்கு 25 மணித்தியாலம். இரண்டு ஒப்படை, ஒன்றுக்குப் பத்து நிமிடப்படி 20. வினாத்தாள், புள்ளித்திட்டம், மீளாய்வாளர் சொன்ன திருத்தம் எல்லாவற்றுக்கும் 8. வகுப்பு 45 உம் சேர்த்து 143 மணித்தியாலம்.

மணித்தியாலத்துக்கு 1,500 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். 67,500 ரூபாயை 143 ஆல் பிரித்தால் 472 ரூபாய்தான் வரும். மேசையில் வைக்க வேண்டியது இந்த 472 ஐ. "சம்பளம் காணாது" என்று சொன்னால் நிர்வாகமும் "எங்களுக்கும் வருமானம் காணாது" என்று சொல்லும். 143 ஐ மறுக்க வேண்டுமென்றால் எந்த வரி பிழை என்று அவர்கள் காட்ட வேண்டும்.

ஆயத்தத்தைத் தனியே கேட்டால் பேச்சு இழுபடும், ஏனென்றால் அதை அளக்க வழியில்லை. விடைத்தாளை எண்ணலாம். எனவே தாள் ஒன்றுக்கு, வினாத்தாள் ஒன்றுக்கு என்று தனித்தனி வீதம் கேட்பது சுலபமாக நகரும். நியூயோர்க்கில் நியூ ஸ்கூல் பல்கலைக்கழகப் பகுதிநேர விரிவுரையாளர்கள் 2022 நவம்பர் நடுப்பகுதியில் தொடங்கி மூன்று கிழமைக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததிலும் வகுப்பறைக்கு வெளியே செய்யும் வேலைக்குக் கொடுப்பனவு என்பது ஒரு பெரிய கோரிக்கை. முடிவில் ஒப்பந்தத்திலும் அது வந்தது. அவர்களது சட்டம் வேறு, எங்களது வேறு. ஆனால் திருத்த வேண்டிய தாள்க்கட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வவுனியா, குருமன்காடு

மேலே எழுதியவரோடு ஒரு இடத்தில் உடன்படவில்லை. மணித்தியால வீதத்துக்கு முன் பார்க்க வேண்டியது நியமனக் கடிதத்தில் இருக்கும் இரண்டு திகதிகள். வீதம் இந்த வருடம் கூடாவிட்டால் அடுத்த வருடம் கேட்கலாம். திகதியில் இழந்தது திரும்ப வராது.

வழமையான கடிதம் தை 15 இல் தொடங்கி வைகாசி 10 இல் முடியும். அடுத்தது ஆனி 20 இல் தொடங்கும். நடுவில் நாற்பது நாள் வெற்றிடம். வைகாசி 10 க்குப் பிறகுதான் விடைத்தாள் திருத்துவார்கள், ஆனால் கடிதப்படி அப்போது அவர் சேவையில் இல்லை. 1983 இன் பணிக்கொடைச் சட்டம் ஒரே தொழில்வழங்குநரிடம் ஐந்து வருடம் பூர்த்தியான சேவை கேட்கிறது. மாதச் சம்பளம் இல்லாதவருக்கு வருடமொன்றுக்கு 14 நாள் சம்பளம். எட்டு வருடம் படிப்பித்தவரிடம் பதினாறு துண்டுக் கடிதம் இருந்தால், சேவை தொடர்ந்ததா அறுந்ததா என்று வாதாட வேண்டி வருகிறது. பரீட்சைக் கடமைக்குக் கூப்பிட்ட வாட்ஸ்அப் செய்தி, புள்ளித்தாள் ஒப்படைத்த திகதி, வரவு இடாப்பின் படம் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். வெற்றிடத்திலும் வேலை நடந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டிய வசனம்: "பெறுபேறு வெளியிடப்படும் நாள்வரை நியமனம் நீடிக்கும். அடுத்த செமஸ்டரில் அதே பாடம் நடந்தால் முன்னர் படிப்பித்தவருக்கு முதலில் வழங்கப்பட வேண்டும்." இதில் "வழங்கப்பட வேண்டும்" என்பதை "வழங்கப்படலாம்" என்று மாற்றிக் கொண்டுவருவார்கள். அந்த ஒரு சொல்லோடு வசனம் செத்துவிடும். ஒப்பமிடும் பிரதி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், எனவே தமிழ் வரைவை ஒருவரும் ஆங்கிலத்தை ஒருவரும் பிடித்துக்கொண்டு வரிவரியாக வாசிக்க வேண்டும்.

கடிதத்தில் உங்களைச் "சுயாதீன சேவை வழங்குநர்" என்று எழுதியிருந்தால் அதையும் விடாதீர்கள். நேரசூசி அவர்கள் போட்டது, இடாப்பில் ஒப்பமிடுவது கட்டாயம், வர முடியாவிட்டால் உங்கள் விருப்பப்படி வேறொருவரை அனுப்ப முடியாது. இந்த மூன்றும் இருக்கும்போது சுயாதீனம் எங்கே? ஊழியராகக் கொள்ளப்பட்டால் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) அவர்கள் பங்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு (ETF) 3. மேலே சொன்ன 67,500 க்கு அது 10,125 ரூபாய். உங்கள் பங்கு 8 சதவீதமும் கழிபடும் என்பதை உறுப்பினர்களுக்கு முதலே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட இடங்களில் கையில் வந்த காசு குறைந்ததும் சங்கத்தின் மீதுதான் கோபம் திரும்பியது.

முல்லைத்தீவு

பயணத்தை மறந்துவிட்டீர்கள். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 இல் பஸ் மாறி வவுனியா போகிறவருக்கு, ஞாயிறு காலை எட்டரை வகுப்பு விடியமுன்பே தொடங்கிவிடுகிறது. போய் இறங்கிய பிறகு "இன்று வகுப்பு இல்லை" என்றால் அந்த நாளுக்கு ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது: 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்காமல் ரத்தானால் முழு வகுப்புக்கும் கொடுப்பனவு. அறிவித்தல் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் சொன்னோம் என்பது அறிவித்தலில் சேராது.

பம்பைமடு

அரச நிறுவனங்களில் மேலே உள்ள வழி அப்படியே பொருந்தாது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் அரசாங்கத்தைத் தொழில்வழங்குநராகக் கட்டுப்படுத்தாது, எனவே தொழில்நுட்பக் கல்லூரிக்கு 40 சதவீதக் கடிதம் கொடுத்துப் பயனில்லை. பல்கலைக்கழகங்களில் வருகைதரு விரிவுரையாளரின் மணித்தியால வீதம் மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கையில் இருந்து வருவது. துறைத்தலைவரோடு வீதம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அவரோடு பேசக்கூடியது பணம் வரும் காலம். நேரசூசி, ஒப்ப இடாப்பு, துறைத்தலைவரின் சான்று, நியமனக் கடிதப் பிரதி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பில் நிதிப் பிரிவிலிருந்து திரும்பும், திரும்பினது ஒருவருக்கும் தெரியாமல் கோப்பிலேயே கிடக்கும். பில் மாதாமாதம் ஏற்கப்பட வேண்டும், குறை இருந்தால் ஏழு நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று துறையோடு எழுத்தில் இணங்குவது பெரிய நிம்மதி.

வவுனியா, வைரவபுளியங்குளம்

திகதி பற்றிச் சொன்னது சரி, அதை முதலாவது கோரிக்கையாக வைக்கலாம். பேச்சுக்கு மூவர் போங்கள்: ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் கணக்குத் தாளோடு. மேசையில் ஒன்றுக்கும் உடனே ஓம் சொல்லாதீர்கள், வெளியே வந்து பத்து நிமிடம் கதைத்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். ஒவ்வொரு சந்திப்பின் குறிப்பையும் அன்று இரவே மின்னஞ்சலில் அனுப்பி, "மூன்று நாளுக்குள் திருத்தம் சொல்லாவிட்டால் சரியெனக் கொள்வோம்" என்று முடியுங்கள்.

இணங்கியதும் கைலாகு கொடுத்து வந்துவிட வேண்டாம். கூட்டு உடன்படிக்கை எழுத்தில் இரு தரப்பின் ஒப்பத்தோடு தொழில் ஆணையாளருக்குப் போய் வர்த்தமானியில் வர வேண்டும். வந்தால் அதன் நிபந்தனைகள் ஒவ்வொருவரின் நியமனத்திலும் எழுதப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். வர்த்தமானிக்குப் போகாத "புரிந்துணர்வுக் கடிதம்" பணிப்பாளர் மாறும்வரைதான் நிற்கும். அனுப்பும் பொறுப்பை அவர்களிடம் விடாமல், ஒப்பமிட்ட ஒரு மூலப்பிரதியைச் சங்கமே பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள்.