விசிட்டிங் கார்டு அடிச்சா மரம் செத்துருமாம்!

சிவகாசி ஆஃப்செட்:
நேத்து ஒரு எக்ஸ்போக்கு போயிருந்தேன், அங்க ஒரு பையன் ஸ்டால் போட்டிருக்கான், பின்னாடி ஆளுயர ஃபிளெக்ஸ், "காகித விசிட்டிங் கார்டு மரத்தைக் கொல்கிறது, டிஜிட்டலுக்கு மாறுங்கள், மாசு பூஜ்யம்"னு. ஃபிளெக்ஸே பிவிசி பிளாஸ்டிக், அதுல மரத்தைக் காப்பாத்துறாராம். அவரு விக்கிறது போன்ல தட்டுனா நம்பர் போற என்எஃப்சி கார்டு, அதுவும் பிளாஸ்டிக்தான், உள்ள சிப்பு, சுத்தி கம்பிச்சுருள். மரம் மரம்ங்கிறானே, கரூர்ல தமிழ்நாடு அரசு பேப்பர் மில்லு டிஎன்பிஎல் 1984லேர்ந்து கரும்புச் சக்கைல பேப்பர் ஓட்டுறது தெரியுமா இவனுக்கு?

டெக் தங்கராசு:
அண்ணாச்சி, அதே டிஎன்பிஎல் விவசாயிகள்ட்ட சவுக்கும் தைல மரமும் வாங்குதே, அதை மட்டும் ஏன் முழுங்கிட்டீங்க? சக்கைல வர்றது நோட்டும் ஜெராக்ஸ் பேப்பரும். உங்க 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, அதான் சதுர மீட்டருக்கு 300 கிராம் வர்ற கெட்டி அட்டை, எங்கேர்ந்து வருது? சரி அதையும் விடுங்க. கார்டு மேல மேட் லேமினேஷன்னு ஒரு பிளாஸ்டிக் தோலை ஒட்டுறீங்களே, அது என்ன வாழை இலையா?

சிவகாசி ஆஃப்செட்:
மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டில அதே டிஎன்பிஎல் அட்டை போர்டும் ஓட்டுது தம்பி, கூகுள்ல தேடிட்டு வந்து பேசுங்க. சவுக்கு காட்டுலயா வெட்டுறான்? நட்டு வளத்து வெட்டுறான், திரும்ப நடுறான், அது பயிரு. கணக்கு வேணுமா, 90க்கு 54 மில்லிமீட்டர், 300 ஜிஎஸ்எம், ஒரு கார்டு ஒன்றரை கிராமைத் தொடாது, ஆயிரம் கார்டு மொத்தமா ஒன்றரை கிலோ. இதுவா உலகத்தை அழிக்குது? அந்தப் பிவிசி கார்டு ஒண்ணே அஞ்சு கிராம் வரும்.

டெக் தங்கராசு:
கணக்குன்னு ஆரம்பிச்சது நீங்க. அஞ்சு கிராம் ஒரே கார்டு, அதை வச்சு ஆயிரம் பேர்ட்ட தட்டலாம். உங்க ஆயிரம் கார்டுல 25 மைக்ரான் தடிமன்ல பிஓபிபிங்கிற லேமினேஷன் பிளாஸ்டிக் ஃபிலிம் ரெண்டு பக்கமும் ஒட்டுனா பிளாஸ்டிக் மட்டும் 200 கிராமைத் தாண்டும். க்யூஆர்னா அந்த அஞ்சு கிராமும் கிடையாது. 5 பெருசா 200 பெருசா?

சிவகாசி ஆஃப்செட்:
க்யூஆரை வானத்துலயா காட்டுவீங்க? போன் வேணும்ல? அந்தப் போனுக்கு லித்தியம், கோபால்ட் எல்லாம் எங்க தோண்டுறான், எவன் தோண்டுறான்னு பாத்தீங்களா, க்யூஆர் திறக்கிற லிங்க் உக்காந்திருக்கிற சர்வர் ராத்திரி பகலா ஏசில கிடக்கு, கரெண்டு எங்கேர்ந்து வருது, நம்ம நாட்டு கரெண்டுல பெரும்பங்கு நிலக்கரிதான். என் கார்டு அச்சாகி வெளிய போயிட்டா அப்புறம் ஒரு யூனிட் கரெண்டு கேக்காது.

டெக் தங்கராசு:
விசிட்டிங் கார்டுக்காக எவனும் போன் வாங்கல அண்ணாச்சி, அது ஏற்கெனவே பாக்கெட்ல இருக்கு. ஒரு நம்பர் அனுப்புனா சில கேபி. லேமினேஷனுக்கு பதில் எங்க?

கவிதா குப்பைக்காரி:
நான் எங்க அபார்ட்மெண்ட்ல குப்பை பிரிக்கிற வேலைய பாத்துக்கிறேன். பழைய பேப்பர்காரர் விசிட்டிங் கார்டு கட்டைத் தொடக்கூட மாட்டார், ஓரமா தள்ளிருவார். ஒண்ணை ராத்திரி தண்ணில ஊறப்போட்டு காலைல மூலைய நிமிண்டிப் பாருங்க, பேப்பர் கூழாயிருக்கும், மேல இருக்கிற தோல் மட்டும் பேரு, நம்பரு எல்லாத்தையும் தூக்கிட்டு முழுசா உரிஞ்சு வரும். அந்தத் தோல் மக்காது. 2022 ஜூலை 1ல மத்திய அரசு தடை பண்ணுன லிஸ்ட்ல அழைப்பிதழ் மேல சுத்துற ஃபிலிமும் இருக்குங்க.

சிவகாசி ஆஃப்செட்:
மேடம், நீங்களே எழுதிட்டீங்க, சுத்துற ஃபிலிம்னு. நான் ஒட்டுறது ஒட்டுற ஃபிலிம். சட்டத்துல அது வேற இது வேற.

கவிதா குப்பைக்காரி:
ஓ, மண்ணுக்கும் அந்த சட்டம் தெரியுமா?

நெல்லை நந்தி:
எதுக்கு இவ்ளோ சண்டை, லேமினேஷன் இல்லாம அடிச்சா முடிஞ்சுது.

சிவகாசி ஆஃப்செட்:
முடிஞ்சுதாம்! வந்து கவுண்டர்ல நில்லுங்க. கஸ்டமர் வர்றதே "அண்ணே, கருப்புல அடிங்க, வெல்வெட் ஃபினிஷ், பேர் மட்டும் கோல்டு ஃபாயில்"னுதான். கருப்பு சாலிட் அடிச்சு லேமினேஷன் போடலைன்னா பர்ஸ்ல ரெண்டு நாள் உரசுனதுமே ஓரமெல்லாம் வெளுத்துப் போயி என்னத்த அடிச்சிருக்கன்னு என் மூஞ்சில விட்டெறிவான். ஐடி கம்பெனிக்காரன்தான் இதுல முதல் ஆளு, தங்கராசு தம்பி ஆபீஸ் கார்டு எந்த ஃபினிஷ்னு கேளுங்க முதல்ல.

டெக் தங்கராசு:
எங்க ஆபீஸ்ல கார்டே கிடையாது. 200 கிராம். பதில்?

மதுரை மாறன்:
பட்டாசு சுடுற ஊர்லேர்ந்து சுற்றுச்சூழல் கிளாஸ் எடுக்கிறாங்கப்பா 😂

சிவகாசி ஆஃப்செட்:
வந்துட்டாரு. எங்க ஊர்னா பட்டாசு மட்டும்தான் தெரியும்ல உங்களுக்கு? உங்க வீட்டு சுவத்துல தொங்குற காலண்டர் எங்கேர்ந்து வந்துச்சு, உங்க புள்ள எழுதுற நோட்டு எங்கேர்ந்து வந்துச்சு? 2018ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு மணி நேரம்தான் வெடிக்கணும்னு சொன்னப்போ இங்க எத்தனை வீட்டுல வயித்துல அடி விழுந்துச்சுன்னு உங்களுக்கு என்ன தெரியும், வெடிக்கிறது நீங்க, பழி எங்களுக்கு. தீபாவளிக்கு முன்னாடி எங்க ஊருக்கு கார் எடுத்துட்டு வந்து டிக்கி நிறைய அள்ளிட்டுப் போறதே மதுரைக்காரங்கதான்.

மதுரை மாறன்:
காசு குடுத்துதான வாங்குறோம், சும்மாவா குடுக்குறீங்க?

கவிதா குப்பைக்காரி:
எங்கயோ போயிட்டீங்க. லேமினேட் பண்ணுன கட்டிங் வேஸ்ட்டை உங்க பிரஸ்ல தனியா போடுறீங்களா, பேப்பர் வேஸ்ட்டோட கலந்து விக்கிறீங்களா? அதைச் சொல்லுங்க.

சிவகாசி ஆஃப்செட்:
நாங்க எல்லாத்தையும் தனித்தனியாத்தான் போடுறோம், வெள்ளை தனி, கலர் தனி, அச்சு எடுக்கிற அலுமினியம் பிளேட் தனி, பிளேட்டை உருக்கக் குடுத்துருவோம், ஒரு துண்டு வீணாகாது. விசிட்டிங் கார்டெல்லாம் ஒரு ஷீட்ல பல பேர் வேலையை சேத்து ஓட்டுறது, தனித்தனியா பிளேட்டு போடுறதில்ல, அந்த சிக்கனம் எந்த டிஜிட்டல் கார்டு ஆப்புக்கு வரும்? இன்னொண்ணு, அந்த ஆப்புக்கு சந்தா கட்டாம விட்டா அடுத்த மாசமே லிங்க் செத்துரும், அப்ப அந்த பிவிசி கார்டை எந்தப் பழைய பேப்பர்காரர் எடுப்பாரு மேடம்?

கவிதா குப்பைக்காரி:
லேமினேட் பண்ணுனது எங்க போகுதுன்னு கேட்டேன். பிளேட்டைப் பத்தி சொல்றீங்க.

நெல்லை நந்தி:
எனக்கு ஒரு சந்தேகம், வாட்ஸ்அப்ல நம்பரை ஃபார்வேர்ட் பண்ணுனாலே போதுமே, கார்டு எதுக்கு, ஆப்பு எதுக்கு?

சிவகாசி ஆஃப்செட்:
ஒரு பெரிய மனுஷன் முன்னாடி உக்காந்து "சார் ஒரு நிமிஷம், ஸ்கேன் பண்ணுங்க"ன்னு போனை நீட்டிப் பாருங்க நந்தி, உங்களுக்கே புரியும். அவரு கண்ணாடிய தேடுவாரு, நெட்டு சுத்தும். நான் மூணாம் தலைமுறை, எங்க தாத்தா கால்ல மிதிக்கிற டிரெடில் மிஷின்ல ஈய எழுத்து கோத்து அடிச்ச காலத்துலேர்ந்து இந்தத் தொழிலு இருக்கு, டிவி வந்தா போச்சுன்னான், கம்ப்யூட்டர் வந்தா போச்சுன்னான்.

டெக் தங்கராசு:
தாத்தா காலத்துல லேமினேஷன் இல்ல, அதனால அவரு கார்டு மக்கியிருக்கும். 200 கிராம் அண்ணாச்சி.

சிவகாசி ஆஃப்செட்:
தாத்தாவை இழுக்காத. 25 மைக்ரான்னு உனக்கு யாரு சொன்னா, நீயா ஸ்கேல் வச்சு அளந்தே?

டெக் தங்கராசு:
அப்ப எத்தனை மைக்ரான், நீங்களே சொல்லுங்க. தொழில் உங்களுது.

சிவகாசி ஆஃப்செட்:
ஏன் சொல்லணும்? போன வருஷம் காலண்டர் சண்டைலயும் இப்படித்தான் ஒரு நம்பரைப் பிடிச்சுட்டு தொங்குனே, மறந்துட்டேன்னு நினைக்காத.

மதுரை மாறன்:
அந்தக் காலண்டர் சண்டைல நான் கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் வரல, வரிசைல நில்லு தங்கராசு.

சிவகாசி ஆஃப்செட்:
உங்க கேள்வி என்ன, தினசரி கிழிக்கிற காலண்டர் எதுக்குன்னுதானே? ராகுகாலம் பாக்குறதுக்கு ஒண்ணு வேணும்னு ஜனவரில எனக்கு மெசேஜ் போட்டது யாரு? ஸ்கிரீன்ஷாட் போடவா?