குளோரினேட்டர் இரவெல்லாம் தூங்கியது, குளம் பச்சையானது: உங்களுக்கும் நடந்ததா?

அம்பாங்கிலிருந்து:

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு நீச்சல் குளம் பச்சையாகிவிட்டது. திறந்த இல்ல உபசரிப்புக்கு அறுபது பேரை அழைத்திருந்தோம். அதில் பாதி, முறுக்கைவிடக் குளத்துக்காகவே வருகிற பிள்ளைகள்.

குளம் 45,000 லிட்டர். உப்புக் குளம் இது: தண்ணீரில் இருக்கும் உப்பிலிருந்து குளோரினேட்டர் என்ற கருவி, தன் ‘செல்’லில் உள்ள தகடுகளில் கரண்டு விட்டுக் குளோரின் தயாரிக்கும். அதற்காக ஆறு மூட்டை உப்பு போட்டு 3,300 பிபிஎம் (லிட்டருக்கு 3.3 கிராம்) அளவில் வைத்திருக்கிறேன். கடல் நீரில் பத்தில் ஒரு பங்கு உப்புகூட இல்லை, வாயில் பட்டால் லேசாகத்தான் தெரியும். பழைய பம்புக்கு ஒரே வேகம், 1,400 வாட். தினமும் எட்டு மணி நேரம் ஓடி 11 யூனிட்டுக்கு மேல் தின்றது. மார்ச் மாதத்தில் அதைத் தூக்கிவிட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பம்ப் போட்டேன்.

இந்த பம்பின் கணக்கு இதுதான்: வேகத்தைப் பாதியாக்கினால் ஓடும் தண்ணீர் பாதியாகும், ஆனால் கரண்டு எட்டில் ஒன்றாகும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. இருந்தாலும் நிமிடத்துக்கு 1,450 சுற்றில் என் மீட்டர் 220 வாட்தான் காட்டியது. நாங்கள் நேரவாரிக் கட்டணத்தில் இருக்கிறோம். வார நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரை யூனிட் விலை அதிகம். அதனால் இரவு 10 முதல் காலை 10 வரை மெதுவாகவும், பிறகு இரண்டு மணி நேரம் 2,600 சுற்றில் வேகமாகவும் ஓட விட்டேன். மொத்தம் ஐந்து யூனிட்டுக்குள் முடிந்தது. பில்லைப் பார்த்து நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. அக்டோபர் மழை தொடங்கியதும் தண்ணீர் மங்கியது. மழைதான் காரணம் என்று குளோரின் தூளை அள்ளிப் போட்டேன். இரண்டு நாள் தெளியும், மூன்றாம் நாள் மறுபடி மங்கும். பார்க்க வந்த குளம் பராமரிப்பாளர், “செல் செத்துப்போச்சு அண்ணே, புதுசு போடணும்” என்று சொல்லி 2,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் விலை சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பகலில் நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்ததே!

விடை கிடைத்தது நள்ளிரவில். இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவன் சன்னல் வழியாகப் பார்த்தால், பம்ப் அறையில் சிவப்பு விளக்கு. கைலியோடு ஓடினேன். பம்ப் ஓடுகிறது, ஆனால் குளோரினேட்டர் ‘நீரோட்டம் இல்லை’ என்கிறது. நான் பகலில் விளக்கைப் பார்த்ததெல்லாம் பம்ப் வேகமாக ஓடும் அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும்.

செல் மணிக்கு 20 கிராம் குளோரின் தயாரிக்கும். அதை 50 சதவீதத்தில் வைத்திருந்தேன். 14 மணி நேரத்துக்கு 140 கிராம், அதாவது 3 பிபிஎம். அது போதும். இரண்டு மணி நேரம்தான் வேலை செய்கிறது என்றால் 20 கிராம். அரை பிபிஎம்கூடத் தேறாது, நம்ம வெயில் அதை மாலைக்குள் தின்றுவிடும்.

சரி, ஏழு மாதம் ஓடியது ஏன் திடீரென்று நின்றது? சுற்று எண் ஒன்று, ஓடுகிற தண்ணீர் வேறொன்று. மழையில் இலையும் மண்ணும் வந்து மணல் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அதே 1,450 சுற்றில் இப்போது குறைவான தண்ணீரே போகிறது, குளோரினேட்டரின் ஃப்ளோ சுவிட்ச் மூடவில்லை. போதிய தண்ணீர் ஓடித் துடுப்பைத் தள்ளினால்தான் அந்தச் சுவிட்ச் மூடி இணைப்புக் கொடுக்கும், குளோரினேட்டர் வேலை செய்யும். ஃபில்டர் அடைத்தால் அழுத்தம் ஏறுமே, அதைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன், காலை பசியாறுவதற்கு முன், மெதுவாக ஓடும்போது. அந்த வேகத்தில் முள் அசைவதே தெரியாது. எப்போதும் ஒரே வேகத்தில், அதுவும் வேகமாக ஓடும்போது பார்த்தால்தான் ஃபில்டர் அடைத்திருப்பது தெரியும்.

பேக்வாஷ் செய்தேன், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவினேன், சிவப்பு பச்சையானது. ஆனாலும் விளிம்பிலேயே நிற்க வேண்டாமென்று இரவு வேகத்தை 1,700 ஆக்கினேன். 340 வாட் போகிறது, போகட்டும். செல் வழியாகத் தண்ணீர் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் அது தயாரிக்கும் குளோரின் ஒரே அளவுதான், சுவிட்ச் மூடியிருந்தால் போதும். தீபாவளியன்று தண்ணீர் நீலமாக இருந்தது. அதில் ஒரு முறுக்கு மிதந்தது வேறு கதை.

செராஸிலிருந்து:

கைலியோடு ஓடியதை அக்கம்பக்கத்தார் யாரும் பார்க்கவில்லையே?

தஞ்சோங் பூங்காவிலிருந்து:

எங்கள் கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) நடந்ததையும் சொல்கிறேன், நான் நிர்வாகக் குழுவில் இருந்த சமயம். குளோரினேட்டர் பேனலில் ‘உப்பு குறைவு’ என்று வந்தது. மழைக்காலம், குளம் நிரம்பி வழிகிறது, உப்பு கரைந்து போயிருக்கும் என்று நாங்களே முடிவு செய்து எட்டு மூட்டையைக் கொட்டினோம். எச்சரிக்கை போகவில்லை. இன்னும் நான்கு மூட்டை. அப்புறம்தான் ஒரு தம்பி தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்தார். உப்பு 5,000க்கு மேல்! பேனல் உப்பை நேராக அளப்பதில்லை, செல்லில் ஓடும் கரண்டை வைத்துக் கணக்குப் போடுகிறது. தகட்டில் சுண்ணாம்பு படிந்தால் கரண்டு குறையும், அதுவும் உப்பு குறைவு என்றே காட்டும். உப்பைக் குறைக்க வேறு வழியில்லை, தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டோம்.

சுண்ணாம்பு ஏன் படிந்தது என்றால், எங்கள் குளத்தில் இரண்டு நீர்வீழ்ச்சி இருக்கிறது. தண்ணீர் விழுந்து விழுந்து கரியமில வாயு வெளியேறி பிஎச் (அமில-கார அளவு) ஏறிக்கொண்டே போகும், ஏறினால் சுண்ணாம்பு படியும். உப்புக் குளத்தில் பொதுவாகவே அது ஏறும். இப்போது வாரம் இரண்டு முறை ஆசிட் விட்டு 7.6க்குள் வைத்திருக்கிறோம். செல்லை ஆசிட்டில் கழுவுவதையும் வெள்ளையாகப் படிவு தெரிந்தால் மட்டும் செய்கிறோம், அடிக்கடி கழுவினால் தகட்டின் பூச்சு போய்விடும். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

செகாம்புட்டிலிருந்து:

பன்னிரண்டு வருடமாகக் குளம் பராமரிக்கிறேன். அம்பாங் அண்ணனிடம் ஒரு கேள்வி: குளோரினேட்டருக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது? பழைய பம்புக்கும் அதற்கும் ஒரே டைமர் இருந்திருக்கும், பம்ப் நின்றால் அதுவும் நிற்கும். புது பம்பில் டைமர் உள்ளேயே இருக்கிறது, அதனால் வெளி டைமரைக் கழற்றிவிட்டு நேராக இழுத்துவிடுவார்கள். அப்புறம் பம்ப் நின்றால் குளோரினேட்டரை நிறுத்த அந்தச் சின்ன ஃப்ளோ சுவிட்ச் ஒன்றுதான்.

செல்லில் குளோரின் மட்டும் வருவதில்லை, ஹைட்ரஜனும் வரும். தண்ணீர் ஓடினால் அது குளத்துக்குப் போய்க் காற்றோடு கலந்துவிடும். ஓடாவிட்டால் செல்லிலேயே தேங்கும். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில் சுவிட்சின் துடுப்பில் ஒரு ரப்பர் துண்டு மாட்டி, எப்போதும் மூடியபடியே நின்றது. விடியற்காலை படார் என்று சத்தம், செல் உறை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. குளோரினேட்டர் பம்போடு சேர்ந்தே நிற்கும்படி ரிலே (கரண்டால் தானாக இயங்கும் சுவிட்ச்) வைத்து இணைக்கச் சொல்லுங்கள். அதுவரை குளோரினேட்டரின் டைமரை, பம்ப் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்கவும், நிற்பதற்குப் பத்து நிமிடம் முன்பே நிற்கவும் வையுங்கள்.

அம்பாங்கிலிருந்து:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேராக பம்ப் அறைக்குப் போனேன். நேரடி இணைப்புதான், இருபத்துநான்கு மணி நேரமும் கரண்டு இருக்கிறது. பம்பை நிறுத்திப் பார்த்தேன், அரை நிமிடத்தில் சிவப்பு விளக்கு வந்தது. சுவிட்ச் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. டைமரை நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். சனிக்கிழமை ஒயர்மேன் வருகிறார். இந்த முறை கைலி இல்லை, கால்சட்டைதான்.