போப்பியாவை (தென்னாப்பிரிக்காவின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தை) காரணம் காட்டி மருத்துவப் பதிவுகளை அனுப்ப மறுக்க முடியுமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்வாசி

அனைவருக்கும் வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்குச் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உண்டு. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்த காலமெல்லாம் டர்பனில் ஒரு தனியார் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவந்தோம். சந்தா கட்டுப்படியாகாமல் போனதால் இப்போது அரசு மருத்துவமனைக்கு மாறியிருக்கிறோம். அங்குள்ள மருத்துவர், பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் மருந்து விவரங்களையும் அனுப்புமாறு தனியார் மருத்துவரின் அலுவலகத்துக்கு எழுதினார். 'போப்பியா சட்டப்படி நோயாளியின் தகவலை வெளியாருக்குத் தர இயலாது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. விளைவாக, முன்பே செய்த பரிசோதனைகள் எல்லாம் மீண்டும் நடக்கின்றன.

சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறதா? தேசிய சுகாதாரக் காப்பீடு வந்தால் நாடு முழுவதற்கும் ஒரே மின்னணுப் பதிவு இருக்கும் என்கிறார்களே, அதனால் இந்தச் சிக்கல் தீருமா, அல்லது வேறு ஆபத்து வருமா? சென்னையில் மருத்துவராக இருக்கும் என் சித்தி மகன், ஆவணங்களை அனுப்பினால் அங்குள்ள நிபுணரிடம் காட்டுவதாகச் சொல்கிறார். நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடை ஏதும் உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: ஏட்டுச்சுவடி

சிறிய மருத்துவ அலுவலகங்களுக்குத் தகவல் பாதுகாப்பு ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், உங்களுக்கு வந்த ஒற்றை வரி எங்கிருந்து பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது போப்பியா, 26ஆம் பிரிவில் உடல்நலத் தகவலைக் கையாளுவதற்குப் பொதுவான தடை விதிக்கிறது. பலரும் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சில பக்கங்கள் தள்ளி 32ஆம் பிரிவு, முறையான சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் தேவைப்படும்போது மருத்துவர்களும் மருத்துவமனைகளும் அத்தகவலைக் கையாளலாம் என்று, இரகசியம் காக்கும் கடமைக்கு உட்பட்டு, அனுமதி தருகிறது. தேசிய சுகாதாரச் சட்டத்தின் (2003) 15ஆம் பிரிவும், நோயாளியின் நலனுக்காக, தம் பணியின் வழக்கமான எல்லைக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்ள மருத்துவருக்கு இடமளிக்கிறது. ஆகவே, சிகிச்சையைத் தொடரப்போகும் மருத்துவர் இவ்விடத்தில் 'வெளியார்' அல்லர்.

அப்படியிருந்தும் ஏன் மறுக்கிறார்கள்? தகவல் கசிந்தால் தகவல் ஒழுங்காற்று ஆணையம் 1 கோடி ராண்டு வரை அபராதம் விதிக்கலாம். அனுப்பாமல் வைத்திருப்பதற்கு அப்படிப்பட்ட அச்சம் எதுவும் இல்லை. வரவேற்பறையில் அமர்ந்திருக்கும் ஊழியர், சந்தேகம் வந்தால் 'இல்லை' என்று சொல்வதே பத்திரம் என்று கற்றுக்கொள்கிறார். கசிவை மட்டும் குற்றமாகவும், தேவையான இடத்துக்குத் தகவல் போய்ச் சேராததை வெறும் அசௌகரியமாகவும் நடத்துவதே நம் ஒழுங்குமுறையின் பெரிய குறை என்பது என் கருத்து.

உங்கள் தாயார் கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, அனுமதி தரும் மேற்சொன்ன இரு பிரிவுகளையும் (போப்பியா 32, சுகாதாரச் சட்டம் 15) குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், தகவல் பெறுவதை ஊக்குவிக்கும் சட்டத்தின் (2000) கீழ் அவரே, அல்லது அவருடைய எழுத்துப்பூர்வ அதிகாரத்தோடு நீங்கள், முறைப்படி விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அதே ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

ஒப்புதலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் சேரும்போது நீட்டப்படும் நீண்ட படிவத்தில் எல்லாப் பயன்பாட்டுக்கும் சேர்த்து ஒரே கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். போப்பியாவின்படி ஒப்புதல் என்பது தானாக முன்வந்து, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து தரப்படுவது. மூச்சுத்திணறலோடு வந்தவர் நள்ளிரவில் போடும் கையொப்பம் அவ்வரையறைக்குள் எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. சிகிச்சைக்கு அந்தக் கையொப்பம் பெரும்பாலும் தேவையே இல்லை. அது உதவுவதெல்லாம் மற்ற நோக்கங்களுக்குத்தான்.

பதில் 2: வலைப்பின்னலர்

சட்டத்தைப் பற்றி மேலே எழுதியவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த அலுவலகம் நாளைக்கே மனம் மாறி அனுப்பச் சம்மதித்தாலும் என்ன வந்து சேரும் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைக் கணினி அமைப்புகளில் வேலை செய்யும் என் அனுபவத்தில், வருவது பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகத்தான் இருக்கும். அதைப் படிக்கலாமே தவிர, அதிலுள்ள எண்களைப் பெறும் கணினி தானாக எடுத்துக்கொள்ளாது.

நம் டர்பனிலேயே இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனை 2002இல் காகிதமில்லா மருத்துவமனையாகத் தொடங்கப்பட்டது. ஆனால் அங்கே நோயாளிகளை அனுப்பிவைக்கும் பல கிளினிக்குகளில் இன்றும் பழுப்பு நிற அட்டைக் கோப்புதான். அமைப்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான தேசியத் தரநிலைச் சட்டகம் 2014இலேயே அரசிதழில் வந்தது. 2021இல் அதன் புதிய பதிப்பும் தயாரானது. ஆயினும் மாகாணங்கள் தத்தம் விருப்பப்படி மென்பொருள் வாங்கின. தரநிலையைப் பின்பற்றாத மென்பொருளை வாங்கவே கூடாது என்று கொள்முதல் விதி கட்டாயப்படுத்தாதவரை, அரசிதழில் எத்தனை பக்கம் வெளியிட்டும் பயனில்லை.

அடையாள எண் இன்னொரு முட்டுக்கட்டை. 13 இலக்கத் தேசிய அடையாள எண் இருக்கிறதே என்று தோன்றலாம். அன்று பிறந்த குழந்தைக்கு, அடையாள அட்டை இல்லாதவருக்கு, அயல்நாட்டவருக்கு எதை வைத்துத் தேடுவது? இதற்காகத்தான் நோயாளிப் பதிவு அமைப்பு ஒன்றைத் தேசியச் சுகாதாரத் துறை கொண்டுவந்தது. மேற்குக் கேப் மாகாணம் இன்னும் முன்னே போய், மாகாணச் சுகாதாரத் தரவு மையத்தின் மூலம், ஒரே நோயாளி பல அரசு நிலையங்களில் பெற்ற சிகிச்சையை ஒரே எண்ணின் கீழ் இணைத்திருக்கிறது. நம் மாகாணமான குவாசுலு-நட்டாலிலும் அப்படிச் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை.

தேசிய சுகாதாரக் காப்பீட்டைக் கேட்டிருந்தீர்கள். குடியரசுத் தலைவர் ராமபோசா 15 மே 2024 அன்று கையொப்பமிட்ட அச்சட்டம், 40ஆம் பிரிவில் ஒரு தகவல் தளத்தை அமைக்கச் சொல்கிறது. சட்டத்தை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. வழக்குகளின் முடிவு எதுவானாலும், எல்லாத் தகவலையும் ஓரிடத்தில் கொட்டிவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். 2024 ஜூனில், அரசு மருத்துவமனைகளுக்குப் பரிசோதனை செய்துதரும் தேசிய சுகாதார ஆய்வகச் சேவை பிணைத்தொகை கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, ஆய்வுக்கூடங்கள் வேலை செய்தும் முடிவுகள் மருத்துவர்களின் திரைக்குப் போகவில்லை. அவசர முடிவுகளைத் தொலைபேசியில் சொல்ல வேண்டியதாயிற்று. பதிவுகள் அவை உருவான இடத்திலேயே இருக்க, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும் மையத்தில் இருப்பதே மேல்.

கூடவே, யார் எப்போது எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்ற பதிவு கட்டாயமாக இருக்க வேண்டும். (ஒரே கடவுச்சொல்லை மூன்று பேர் பயன்படுத்தும் இடத்தில் அந்தப் பதிவுக்கு மதிப்பே இல்லை. அப்படிப்பட்ட இடங்கள் அரிதல்ல.) உங்கள் தாயாரின் கோப்பை யார் யார் பார்த்தார்கள் என்பதை நீங்களே கேட்டறியும் வசதி வராதவரை, மையப் பதிவின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வராது.

சாட்ஸ்வொர்த்வாசி

இருவருக்கும் நன்றி. கடிதத்தை இன்றே எழுதுகிறேன். சென்னைக்கு அனுப்புவதைப் பற்றியும் யாராவது தெளிவுபடுத்தினால் நலம்.

பதில் 3: தேன்தும்பி

அனுப்புபவர் யார் என்பதைப் பொறுத்தது ஐயா. மருத்துவமனையே அனுப்பினால் போப்பியாவின் 72ஆம் பிரிவு பொருந்தும். தகவலைப் பெறுபவர் போதிய பாதுகாப்பளிக்கும் சட்டத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ கட்டுப்பட்டிருக்க வேண்டும், அல்லது நோயாளி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் உங்கள் தாயார் தம் ஆவணங்களைப் பெற்றுத் தாமே உறவினருக்கு அனுப்பினால் அது முழுக்கத் தனிப்பட்ட, குடும்பச் செயல். 6ஆம் பிரிவு அதைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்துவிடுகிறது. ஆதலால் பிரதிகளை முதலில் உங்கள் கைக்கு வாங்கிக்கொள்வதே எளிய வழி.

வாங்கும்போது அல்ட்ராசவுண்ட், சிடி போன்றவற்றைக் கைபேசியில் எடுத்த படமாக வாங்காமல் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான மின்னணு வடிவம்) கோப்பாகவே கேளுங்கள். அளவீட்டு அலகையும் கவனியுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினினை இங்கே லிட்டருக்கு மைக்ரோமோலில் எழுதுகிறோம்; சென்னையில் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் பார்த்துப் பழகியவர்கள். இங்குள்ள 88.4 அங்கே 1. சர்க்கரை அளவிலும் இதே வேறுபாடு உண்டு. இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால்தான் அங்குள்ள எண் கிடைக்கும். எண்ணை மட்டும் தனியே தட்டச்சு செய்து அனுப்பாமல், ஆய்வகத்தின் பெயரும் அலகும் இயல்பு வரம்பும் அச்சிட்ட அறிக்கையை முழுதாக அனுப்புங்கள்.