பொங்கல் சீர் பணக் கவராகிவிட்டது: மாற்ற யோசனை வேண்டும்

கேள்வி கேட்டவர்: குடமுருட்டி

வணக்கம். எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். உடன்பிறந்தவர்கள் நால்வர், நான் மூத்தவள், எனக்கு அடுத்து ஒரு தங்கை, பிறகு இரண்டு தம்பிகள். என்னைக் கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் போகிக்கு முதல்நாள் அவரே சீர் கொண்டுவருவார். ஒரு கட்டுக் கரும்பு, வேரில் மண் உதிராத மஞ்சள் கொத்து, ஒரு வாழைத்தார், புதுப் பச்சரிசி, வெல்லம், கொல்லையில் காய்த்த பரங்கிக்காய், எனக்கு ஒரு சேலை. கரும்புத் தோகையை வெட்டினால்தான் பேருந்தில் ஏற்றிக்கொள்வேன் என்பார் நடத்துநர். தோகையில்லாத கரும்பைப் பெண் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று அப்பா இறங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார். இரண்டு வண்டி தவறிப்போய் இருட்டிய பிறகு அவர் வந்து சேர்ந்த ஆண்டும் உண்டு.

அப்பா காலமான பிறகு முதலிரண்டு ஆண்டுகள் பெரிய தம்பி சீர் கொண்டுவந்தான். பிறகு அலைச்சலைக் காரணம் சொல்லிப் பணமாகத் தந்தார்கள். இப்போது அது கைப்பேசி வழியாக வருகிறது. காணும் பொங்கலன்று அம்மா வீட்டில் எல்லோரும் கூடுகிறோம். அங்கே ஒன்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கவர் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். தம்பிகள் இருவரும் எனக்கு அனுப்பிய சீர்ப்பணம் தலா 1,000 ரூபாய். என் பிள்ளைகள் இருவருக்கும் மற்ற மூன்று வீட்டாரும் தலைக்கு 500 வீதம் தந்தது 3,000 ரூபாய். ஆக வந்தது 5,000. மற்ற ஏழு பிள்ளைகளுக்கு நான் கொடுத்தது 3,500. "அப்படியானால் நமக்குச் சேரவேண்டிய 1,500 ரூபாயை ஒரே தடவையில் அனுப்பிவிட்டால் கவர் செலவாவது மிச்சமாகுமே, அம்மா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வரும் தையில் இதை மாற்ற விரும்புகிறேன். உங்கள் வீடுகளில் பண்டிகைப் பரிசு எப்படிக் கைமாறுகிறது? ஐந்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்க்கும்படி என்ன செய்யலாம்? சின்னத் தம்பிக்கு இப்போது வருமானம் சற்றுக் குறைவு. அவனுக்குப் பாரமாகாத வழியாக இருந்தால் நல்லது.

பதில் 1: பொருநைக்கரை

அம்மா, எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இதைப் பொங்கல்படி என்போம். நீங்கள் சொன்ன பொருள்களோடு பனங்கிழங்குக் கட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அது இல்லாவிட்டால் படி வந்ததாகவே எங்கள் அத்தைமார் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். தலைப் பொங்கலுக்கு வெண்கலப் பானையும் கரண்டியும் சேர்ந்து போகும்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதால் எங்கள் ஊரிலுள்ள சிறுவீட்டுப் பொங்கலைச் சொல்ல வேண்டும். மார்கழி முழுவதும் வாசலில் சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகிவைக்கும் சிறுமிகள், அந்த உருண்டைகளை எருவாகத் தட்டிச் சேர்த்துவைப்பார்கள். தை பிறந்த பின் ஒரு நாள் முற்றத்தில் களிமண்ணால் சிறு வீடு கட்டி, அதன் முன்னால் சின்னஞ்சிறு பானையில் பொங்கலிட்டு, அந்த எருவையும் பொங்கலையும் ஆற்றில் விடுவார்கள். என் தங்கைக்கு ஆறு வயதானபோது எங்கள் தாத்தா இதற்கென்றே கைக்கு அடக்கமான ஒரு வெண்கலப் பானை வாங்கிக் கொடுத்தார். இன்று அது அவளுடைய பேத்தியிடம் இருக்கிறது. அடியில் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருக்கும், அது நான் உதைத்ததால் வந்த நசுங்கல். அதே தாத்தா எத்தனையோ முறை எங்களுக்குக் காசும் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு காசுகூட எனக்கு நினைவில்லை.

ஆகவே, சிறு குழந்தைகளுக்கு அவர்களே பொங்கலிடும்படியான சிறு பானையை வாங்கிக் கொடுங்கள்; மண்பானையானாலும் போதும். மிகச் சிறியவர்களுக்கு அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான் இருக்கிறது. கடைசலில் உருட்டி அரக்குச் சாயம் ஏற்றிய அடுப்பு, குடம், அம்மி, உரல் எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்துக் கிடைக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு நாங்கள் செய்வது வேறு. பரிசைக் கையில் தருவதில்லை. வீட்டுக்குள் ஒளித்துவைத்து, அந்த இடத்தை விடுகதையாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். சென்ற ஆண்டு என் அண்ணன் மகனுக்கு நான் எழுதியது இது: "வாய் பெரிது, பல் இல்லை, அரிசியும் உளுந்தும் ஓயாமல் தின்னும், ஆனாலும் வயிறு நிறையாது." அவன் மிக்ஸி, கிரைண்டர் என்று அடுக்களையையே புரட்டிப் போட்டான். கடைசியில் ஆச்சிதான் மனமிரங்கி, கொல்லையில் கவிழ்ந்து கிடந்த குழவியைக் கண்ணால் காட்டினார். ஆட்டுக்கல்லின் குழிக்குள் இருந்தது 150 ரூபாய்ப் பேனா. அதைத் தேட ஒரு மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டு பேர் அவன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.

பதில் 2: கல்லடிப்பாலம்

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். பணம் என்பதனாலேயே பரிசு மதிப்பிழந்துவிடுகிறது என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கம் சித்திரை வருடப் பிறப்பன்று கைவிசேஷம் கொடுப்பது பெரிய சடங்கு. பஞ்சாங்கத்தில் அதற்கென்று சுபநேரம் குறித்திருப்பார்கள். வாக்கியம் ஒரு நேரத்தையும் திருக்கணிதம் வேறொரு நேரத்தையும் சொல்வதால், எதைப் பின்பற்றுவது என்று வீட்டில் சிறு வாக்குவாதமும் நடக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்கு மூத்தவர் வெற்றிலையில் சிறிது நெல்லும் ஒரு பூவும் காசும் வைத்துக் கொடுக்க, பிள்ளைகள் இரண்டு கையாலும் வாங்கிக் காலில் விழுந்து வணங்குவார்கள். எங்கள் அப்பப்பா கொடுப்பது புதுத்தாள் ஒன்றுதான். அதற்காகச் சில நாள் முன்னதாகவே வங்கிக்குப் போய்ப் புதுத்தாள் மாற்றி வருவார். நாங்கள் அதைச் செலவழிப்பதில்லை. என் மேசை இழுப்பறையில் அவர் தந்த கடைசித் தாள் இன்னும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் கெட்டுப்போனது பணம் அல்ல, சகோதரி. எல்லோரும் எல்லோருக்கும் கொடுப்பதுதான் கெடுத்திருக்கிறது. கொடுக்கும் கை ஒன்றாக இருந்தால், திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன் எவருக்கும் ஏற்படாது. பிள்ளைகளுக்கு உங்கள் அம்மா ஒருவரே கொடுக்கட்டும். நீங்கள் நால்வரும் முன்கூட்டியே அவருடைய முந்தானையில் போட்டுவிடுங்கள். எவர் எவ்வளவு போட்டார் என்பதை எண்ணவேண்டாம்.

பதில் 3: மாடித்தோட்டம்

சென்னைவாசியான என்னிடமிருந்து ஒரு சிறு குறிப்பு மட்டும். எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கலன்று காலை கனுப்பிடி, அதாவது பறவைகளுக்கு இலையில் சோற்றுப் பிடிகள், வைப்போம்; உடன்பிறந்த ஆண்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் வைப்பது அது. அதற்கு மஞ்சள் இலை வேண்டும். அடுக்குமாடியில் மஞ்சள் இலைக்கு எங்கே போவது என்று ஆண்டுதோறும் அலைந்த பிறகு, ஆனி மாதத்திலேயே நான்கு தொட்டிகளில் கிழங்கு ஊன்றத் தொடங்கினேன். பொங்கலுக்கு முதல்நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டிரண்டு இலை கொடுத்துவிடுகிறேன். இந்த வளாகத்தில் நான் கொடுத்த எந்தப் பரிசுக்கும் இந்த இலைக்குக் கிடைக்கும் வரவேற்பு கிடைத்ததில்லை. உங்கள் பிள்ளைகளில் தோட்டத்தில் நாட்டமுள்ள ஒருவரிடம் கிழங்கைக் கொடுத்துவைத்தால், அடுத்த ஆண்டு சீரில் மஞ்சள் கொத்து அவருடையதாகிவிடும்.

பதில் 4: வைகைப்பெண்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரையில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் சீரை இனிப்பாகவே பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லிவைக்கிறேன். என் திருமணமான ஆண்டு தலைப் பொங்கல் சீரை என் அப்பா கடன் வாங்கிக் கொண்டுவந்தார். அதைக் கூடத்தில் பரப்பிவைத்து, மூத்த மருமகளுக்கு வந்த சீரோடு ஒப்பிட்டு ஒரு பெரியம்மா பேசினார். பானையின் எடையைக்கூடக் கையில் தூக்கிப் பார்த்தார். அந்த வெண்கலப் பானையில் நான் இதுவரை பொங்கலிட்டதில்லை.

பெண்ணுக்குச் சொத்தில் பங்கில்லாத காலத்தில், பிறந்த வீட்டு நிலத்தின் விளைச்சலில் அவளுக்கும் ஒரு கைப்பிடி உண்டு என்று காட்டியது இந்தச் சீர்தான். 1989இல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது திருமணமாகாதிருந்த பெண்மக்களுக்கு மூதாதையர் சொத்தில் சம பங்கு தந்தார்கள். 2005இல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு அந்த உரிமை நாடு முழுமைக்கும் வந்தது. பங்கை எழுதி வாங்கிக்கொண்டு சீரையும் ஆண்டுதோறும் எதிர்பார்ப்பதும், சீர் செய்கிறோம் என்று சொல்லிப் பங்கை மறுப்பதும் இரண்டுமே நான் கண்ணால் பார்த்தவை. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் வருமானம் குறைந்த தம்பியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சீர் ஒரு திசையில் மட்டும்தான் போகவேண்டும் என்று எவரும் கல்லில் வெட்டிவைக்கவில்லை. இந்த முறை அக்காவும் தங்கையும் தம்பிகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நாங்கள் ஏழு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம். முதல் ஆண்டு என் தம்பி மனைவி வாசலிலேயே திகைத்து நின்று, "அண்ணி, வீடு மாறி வந்துவிட்டீர்களா?" என்றாள்.

பதில் 5: வேம்பனூர்

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். கல்லூரி விடுதியில் ஆடிய கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு விளையாட்டை எங்கள் குடும்பத்தில் பல ஆண்டுகளாக ஆடிவருகிறோம்; உங்கள் ஒன்பது பிள்ளைகளுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முறை எளிது. எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். யாருடைய பெயர் வந்ததோ அவருக்கு நீங்கள் கிறிஸ்மா. அவர் உங்கள் பிள்ளை. கடைசி நாள்வரை நீங்கள் யார் என்பது அவருக்குத் தெரியக்கூடாது. இடைப்பட்ட நாள்களில் சிறு சிறு பொருள்களைத் தலையணைக்கு அடியிலும் செருப்புக்குள்ளும் வைக்கலாம். வேடிக்கையான வேலையும் ஏவலாம். எங்கள் சித்தப்பா வங்கியில் மேலாளராக இருந்தவர், யாரிடமும் அதிகம் பேசாதவர். அவரை ஒரு நாள் முழுவதும் எவர் என்ன கேட்டாலும் பாட்டாகவே பதில் சொல்லவைத்தாள் அவருடைய கிறிஸ்மா. அது தம் பத்து வயது மகள்தான் என்பது கிறிஸ்மஸ் இரவு வரை அவருக்குத் தெரியாது.

எங்களுக்கு நேர்ந்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு செலவுக்கு வரம்பு வைக்கவில்லை. ஒருவருக்குக் கைக்கடிகாரமும் இன்னொருவருக்குச் சோப்புப் பெட்டியும் கிடைத்து ஒரு குழந்தை அழுதது. இப்போது 200 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. கையால் செய்த பொருள் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். சொந்த வீட்டாரின் பெயர் வந்தால் சீட்டைத் திரும்பப் போடவேண்டும் என்று உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நான்கு வீட்டுப் பிள்ளைகளும் கலப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

அந்த வரம்புக்குள் நிறையவே செய்யலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் இடையே ஒரு சீட்டு வைத்தோம். மிட்டாய் தீரும்போது கடிதம் முழுமையாகும். உங்களுக்குத் தஞ்சாவூர் பக்கத்திலேயே இருக்கிறது. தலையாட்டி பொம்மையில் வீட்டிலுள்ள ஒருவருடைய மூக்குக்கண்ணாடியையோ மீசையையோ வரைந்து கொடுத்தால், அது யார் என்று கண்டுபிடிப்பதே தனி விளையாட்டு. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்றுதான் எல்லோரும் திணறுவார்கள். என் அத்தை மகள், பாட்டியிடம் கேட்டுக் கேட்டு மீன்குழம்பு வைக்கும் முறையை எழுதி அவளுக்குக் கொடுத்தாள். பாட்டி எல்லா அளவையும் "ஒரு கைப்பிடி" என்றே சொன்னதால், அந்தக் கையைத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு வரைந்து இணைத்திருந்தாள்.

குடமுருட்டி மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நால்வரும் தொலைபேசியில் ஒன்றாகப் பேசினோம். பிள்ளைகளுக்குக் கவர் கொடுப்பது நின்றுவிட்டது. கல்லடிப்பாலம் ஐயா சொன்னபடி அம்மா மட்டும் வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார். 51 ரூபாய்தான் கொடுப்பேன், அதற்கு மேல் யாரும் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். மார்கழி முதல் தேதி சீட்டுக் குலுக்கல். கிறிஸ்மா என்ற பெயருக்குப் பதிலாக என் மகள் "சீர்க்காரர்" என்று வைத்திருக்கிறாள். விடுகதைகளை எழுதும் பொறுப்பைப் பெரிய தம்பி எடுத்துக்கொண்டான். எங்கள் வீட்டிலும் ஆட்டுக்கல் இருப்பதால் பொருநைக்கரை ஐயா எழுதியதை அப்படியே பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்கச் சொன்னான்.

வைகைப்பெண் அம்மா, உங்கள் பதிலைத் தங்கைக்கும் வாசித்துக் காட்டினேன். இந்த முறை நாங்கள் இருவரும் சின்னத் தம்பி வீட்டுக்கு அரிசி, வெல்லம், அவன் மனைவிக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக்கொண்டு போகிறோம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கரும்பு மட்டும் தான் கொண்டுவருவதாக அவன் பிடிவாதம் பிடித்ததால், தோகையோடு வரவேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவனுடைய சிறிய காரில் பின்கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வரவேண்டியிருக்கும். கும்பகோணம் வரை தோகை காற்றில் அடித்துக்கொண்டே வரட்டும்.