புதுப்பிப்பு: நாய் உண்ணி சாங்குவினியஸா, லின்னேயியா?

சென்னைத் தெருநாய்களிடம் எடுத்த பழுப்பு உண்ணிகள் ரைபிசெபாலஸ் சாங்குவினியஸ், ரைபிசெபாலஸ் லின்னேயி என்ற ஒத்த தோற்றமுள்ள இரு இனங்களில் எது என்று நுண்ணோக்கியில் பிடிபடவில்லை என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். ஆண் உண்ணியின் குதத்தட்டு, சுவாசத்துளைத் தட்டு எல்லாம் பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. டி.என்.ஏ. பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள், பார்த்தாச்சு.

ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணியை முழுசாக அரைத்தால் நாயின் டி.என்.ஏ.வும் சேர்ந்து வந்துவிடும். அதனால் கால்களை மட்டும் வெட்டி எடுத்தோம். மீதி உடல் ஆல்கஹாலில் சான்றாக இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் இனம் பிரிக்க உதவும் 16எஸ் என்ற மரபணுப் பகுதியைப் பிசிஆரில் (டி.என்.ஏ.வை நகலெடுக்கும் முறை) பெருக்கி, வரிசையைப் படித்தோம்.

முடிவு: வெப்பமண்டலக் கிளை, அதாவது ரைபிசெபாலஸ் லின்னேயி. (சாங்குவினியஸ் என்பது மிதவெப்பக் கிளை.) நம் வெயிலுக்கு எதிர்பார்த்ததுதான்.

ஜென்பேங்கில் (டி.என்.ஏ. வரிசைகளின் பொதுக் களஞ்சியம்) தேடுபவர்கள் உஷார். 2021-இல் லின்னேயி தனி இனமாக மீண்டும் ஏற்கப்படும் முன் பதிந்தவற்றில் இரு கிளைகளுக்குமே சாங்குவினியஸ் என்ற பெயர்தான். முதலில் வரும் பெயரை நம்பாமல், இரு இனங்களின் ஆதார மாதிரி (இனப் பெயருக்கு அடையாளமாக வைத்த உண்ணி) வரிசைகளோடு சேர்த்து, எது எதற்கு நெருக்கம் என்று காட்டும் உறவு மரம் வரையுங்கள்.

“பெயரில் என்ன இருக்கிறது?” என்று கேட்டவருக்கு: தென் அமெரிக்கச் சோதனைகளில் நாய்களுக்கு நோய் தரும் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாவை அவற்றுக்குக் கடத்தியது வெப்பமண்டலக் கிளைதான், மிதவெப்பக் கிளை அல்ல. பிரேசில் (வெப்பமண்டலக் கிளை), அர்ஜென்டினா (மிதவெப்பக் கிளை) உண்ணிகளின் கலப்பில் பிறந்தவை மலடாகவும் இருந்தன.

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருவதால் 16எஸ் தாய்வழியை மட்டுமே காட்டும். கலப்பு இருக்கிறதா என்று பார்க்க, அடுத்து, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணு ஒன்றையும் படிக்கப் போகிறோம்.